ரீல் விட்ட கதை

எங்கள் பக்கத்தில் யாராவது கொஞ்சம் கூடுதலாக அளந்தால் "ரீல் விடாதலே" என்று ஒரே போடாகப் போடுவார்கள். அது சினிமாக்காரன் ரீலா, தையல்காரன் ரீலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இங்கே விடப்போவது இரண்டும் இல்லை. தூண்டில்காரன் ரீல்.

பி.காம். படித்துவிட்டு, பேங்கில் கையெழுத்துப் போட்டுக் காலம் தள்ளுகிறவனுக்கும் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். தங்கமணியும் அதையேதான் கேட்டாள். கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012ஆம் வருடம். குர்லா மேற்கில் ஒரு கிளையில் எனக்குச் சிறுதொழில் கடன் மேஜை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து உட்கார்ந்தால், எதிரே நம்ம ஊர் அண்ணாச்சி ஒருவர். குர்லாவில் முப்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். (இங்கே சின்னப் பட்டறைக்கு 'காலா' என்று பெயர். ரஜினி படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) கையில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால் உள்ளே சிவப்பு நிறத்தில் கைக்கு அடக்கமாக ஒரு சக்கரம், பக்கத்தில் ஒரு கைப்பிடி. பழைய ஸ்வீடன் ரீல்.

பவாய் ஏரியில் தூண்டில் போடுகிற பெரிய மனிதர்கள் உண்டு. அந்த ஏரி 1891ல் பம்பாய்க்குக் குடிநீர் வேண்டும் என்று கட்டப்பட்டு, தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று கைவிடப்பட்டது. அப்புறம் மீனுக்கும் மீன் பிடிக்கிறவர்களுக்கும் என்று ஆகிவிட்டது. அதில் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மித்தி ஆறாகி எங்கள் குர்லாவைத் தொட்டுக்கொண்டு மாஹிம் பக்கம் போகிறது. (ஆறு என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். 2005 ஜூலை 26 அன்று அது தன்னை ஆறு என்று எல்லாருக்கும் ஞாபகப்படுத்தியது.) அந்தப் பெரிய மனிதர்களின் ரீல் பழுதானால் உதிரி பாகம் கிடைக்காது. யாரோ சொல்லி அண்ணாச்சியிடம் வந்திருக்கிறார்கள். அவரும் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஒன்று இரண்டாகி, பத்தாகி, கடைசியில் அவருக்கு அந்த ஆசை வந்துவிட்டது.

"பாருங்க சார், இதுல என்ன இருக்கு? நாலு பல்சக்கரம், ரெண்டு பேரிங்கு, ஒரு பிரேக்கு. இதுக்கு வெளிநாட்டுக்காரன் முப்பதாயிரம், நாப்பதாயிரம்னு வாங்குதான். மூணுல ஒரு பங்குக்கு நான் செஞ்சு காட்டுதேன்."

ஒரு பழைய சி.என்.சி. மெஷின் வாங்க 12 லட்சம் கேட்டார். ஈடு ஒன்றும் கிடையாது. அரசாங்க உத்தரவாதத் திட்டத்தில்தான் கொடுக்க வேண்டும். திட்ட அறிக்கை ஒன்று வைத்திருந்தார். அதில் 'போட்டியாளர் விலை' என்று ஒரு பத்தி, 'நம் விலை' என்று ஒரு பத்தி. வேறு ஒன்றும் உருப்படியாக இல்லை. யார் அந்தப் போட்டியாளர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். கடன் விஷயம் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. படிப்பு மட்டும் இன்னும் முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் என்னை ஆச்சரியப்படுத்தியது, இந்தத் தொழிலில் திரும்பின பக்கமெல்லாம் கடிகாரக்காரர்கள் என்பது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் சுருளும் உருளை பல சுற்று சுற்றும்படி பல்சக்கரம் வைத்து ஒரு ரீல் செய்தார். அவருக்குப் பிறகு அதே மாநிலத்தில் மீக் சகோதரர்கள். அவர்களும் கடிகாரக்காரர்கள்தான். ஒவ்வொரு பல்லும் கையால் ராவியது. சில ரீல்களில் கைக்கடிகாரத்தில் இருப்பது போலக் கல் பதித்த அச்சு. விலையும் அதற்குத் தகுந்தாற்போல். மெஷினில் செய்த ரீல்கள் சல்லிசாக வர ஆரம்பித்த பிறகு, 1916ல் மீக் கம்பெனியை கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்டன் கம்பெனி வாங்கிக்கொண்டது. கைவேலைக்காரன் முதல் ரவுண்டில் அவுட்.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. ஆல்னிக் என்ற ஊரில் 1872ல் துப்பாக்கிக்கடையாக ஆரம்பித்தது ஹார்டி. 1891ல் அவர்கள் விற்பனைக்கு விட்ட ரீலின் பெயரே 'பெர்ஃபெக்ட்'. என்ன தன்னடக்கம் பாருங்கள். இவர்களுக்கு இந்தியா ஒரு நல்ல சந்தை. கலெக்டர், கர்னல், எஸ்டேட் துரை என்று இங்கே மகசீர் பிடிக்கிற கூட்டம் பெரிது. அவர்களுக்கு வேதப்புத்தகம் போல இருந்தது 'தி ராட் இன் இந்தியா'. அதை எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ் நம்ம மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர். 1873ல் மங்களூரில் அச்சானது. அப்போது தென் கன்னடம் மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. ஆற்றை விஷம் கலந்தும் சின்னக் கண்ணி வலை போட்டும் அழிக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதி எழுதிக் களைத்தவர் அவர். துரைமார்கள் விலை பார்த்து வாங்குகிற ஆசாமிகள் இல்லை. சம்பளம் வந்ததும் கேட்லாக்கைத் திறந்து ஆர்டர் போடுவார்கள். அதனால் ஹார்டிக்கு விலையைக் குறைக்கவேண்டிய அவசியம் ரொம்ப நாளைக்கு வரவில்லை. அந்தச் சௌகரியம் 1947க்குப் பிறகு போய்விட்டது. 1967ல் கம்பெனியே கைமாறியது.

விலையால் அடித்து உள்ளே நுழைவது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டுமானால் பென் கம்பெனியைப் பார்க்க வேண்டும். ஆட்டோ ஹென்ஸி என்பவர் ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போனவர். பிலடெல்பியாவில் 'ஓஷன் சிட்டி' என்ற ரீல் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கிருந்து வெளியேறி 1932ல், அதாவது அமெரிக்கா பொருளாதாரச் சரிவில் தரையில் கிடந்த வருடத்தில், தனியாகக் கடை போட்டார். எந்த பேங்க் மேனேஜரும் அந்த வருடத்தில் அந்தத் தொழிலுக்குக் கடன் கொடுத்திருக்க மாட்டான். நான் நிச்சயமாகக் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்போது ஆழ்கடலில் சூரை, கொப்பரக்குல்லா மாதிரிப் பெரிய மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது பணக்காரர்களின் விளையாட்டு. நியூயார்க்கின் வாம் ஹோஃப் குடும்பத்தார் செய்த ரீல்கள் நகைக்கடைச் சாமான் மாதிரி. ஹென்ஸி 1936ல் 'செனட்டர்' என்று ஒரு ரீல் விட்டார். பார்க்க லட்சணமில்லை. ஆனால் சம்பளக்காரன் வாங்கலாம். இன்னொன்று முக்கியம்: ஒரு மாடலின் உதிரி பாகம் இருபது முப்பது வருடம் கழித்தும் கடையில் கிடைக்கும். தாத்தா வாங்கிய ரீலுக்குப் பேரன் ஸ்பிரிங் வாங்கலாம். வாம் ஹோஃப் பெயர் பழம்பொருள் ஏலத்தில் போய் உட்கார்ந்தது. பென், 1960களில் தங்க நிறத்தில் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்து, தான் யாரைக் கீழேயிருந்து அடித்தானோ அவர்களுடைய நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்தது. இந்த இன்டர்நேஷனல் மலிவுச் சரக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஐரோப்பாவில் மறுபடியும் கடிகாரக்காரர்கள். பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையடியில் க்ளூஸ் என்று கடிகார பாகங்கள் செய்கிற ஊர். அங்கே கார்ப்பானோ - பான்ஸ் கம்பெனி செய்ததுதான் 'மிட்செல்'. ஸ்வீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற கிராமத்தில் 1921ல் தொடங்கியது 'ஆபு'. அந்தப் பெயரில் இருப்பதே 'கடிகாரத் தொழிற்சாலை' என்பதன் முதலெழுத்துதான். கடிகாரம் செய்தார்கள், டாக்சி மீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் இல்லை, டாக்சி ஓடவில்லை, மீட்டர் யாருக்கு வேண்டும்? கையில் மெஷின் இருக்கிறது, பல்சக்கரம் வெட்டத் தெரிந்த ஆள் இருக்கிறான். ரீல் செய்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த சிவப்பு 'அம்பாசடர் 5000' உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. அண்ணாச்சியின் துணி மூட்டையில் இருந்தது அந்த ஜாதிதான்.

மிட்செல், ஆபு இரண்டையும் அமெரிக்காவில் விற்றது நியூயார்க்கின் கார்சியா என்ற ஒரே கம்பெனி. இருவருக்கும் ஒரே தரகர். நல்ல காலத்தில் இது சுகம். 1970களின் கடைசியில் கார்சியா திவாலானபோது, ஸ்வாங்ஸ்டாக்காரர்கள் தங்கள் கடையைக் காப்பாற்ற அந்தத் தரகரையே விலைக்கு வாங்கவேண்டி வந்தது. 'ஆபு கார்சியா' என்று இன்றைக்கும் பெட்டியில் இருப்பது அப்படி வந்த பெயர். மிட்செல் தடுமாறி, பிறகு பல கை மாறியது.

கார்சியா ஏன் விழுந்தது என்றால் காரணம் பல. ஒரு காரணம் எல்லாருக்கும் தெரிந்தது: ஜப்பான்.

இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் தொழில் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானில் டைவா கம்பெனி 1950களிலிருந்து ரீல் செய்தது. ஷிமானோ, சாக்காய் என்ற ஊரில், கத்திக்கும் சைக்கிளுக்கும் பேர்போன ஊர் அது, 1921ல் சைக்கிள் பின்சக்கரத்துக்கான பல்சக்கரம் செய்யத் தொடங்கிய கம்பெனி. 1970ல்தான் தூண்டில் பக்கம் வந்தார்கள். இவர்களுக்கு இருந்த பெரிய ஆயுதம் தொழிற்சாலையில் இல்லை, எக்ஸ்சேஞ்ச் ரேட்டில் இருந்தது. 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று கட்டி வைத்திருந்தார்கள். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒசாகா பக்கம் ஒரு ரீல் 7,200 யென்னுக்குத் தயாராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 360 ரேட்டில் அது அமெரிக்காவில் 20 டாலர். பிரெஞ்சுக்காரனும் ஸ்வீடன்காரனும் என்ன செய்தாலும் எட்ட முடியாது. ஜப்பான்காரர்கள் முதலில் அமெரிக்கக் கடைகளின் பெயரைப் போட்டே செய்து கொடுத்தார்கள். பிறகு சொந்தப் பெயரில் விற்றார்கள்.

அப்புறம் யென் ஏற ஆரம்பித்தது. 1985 நடுவில் டாலருக்கு சுமார் 240. நம்முடைய அதே ரீல் இப்போது 30 டாலர். அந்த வருடம் செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதி மந்திரிகள் உட்கார்ந்து டாலரை இறக்குவது என்று கையெழுத்துப் போட்டார்கள். மூன்றே வருடத்தில் 120 ஆனது. ரீல் 60 டாலர்! 1995 ஏப்ரலில் 80க்கும் கீழே போனது. ரீல் 90 டாலர். தொழிற்சாலையில் ஒரு ஆணி கூட மாறவில்லை. 20 டாலர் சரக்கு 90 டாலர் சரக்காகிவிட்டது.

நான் மேனேஜராக இருந்திருந்தால் அந்தக் கணக்கைக் கடன் வாராக் கணக்கில் தள்ளியிருப்பேன். அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். மலிவு ரீல்களின் வேலையை மலேசியா, தாய்லாந்து, பிறகு வியட்நாம் என்று கொண்டுபோனார்கள். ஜப்பானில் செய்வதை, 90 டாலர் என்ன, அதற்கு மேலும் கொடுத்து வாங்கலாம் என்று ஆள் நினைக்கும்படி மாற்றினார்கள். 1990களின் தொடக்கத்தில் ஷிமானோ 'ஸ்டெல்லா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. டைவா பின்னாளில் 'சால்டிகா', 'எக்ஸிஸ்ட்' என்று பதில் சொன்னது. கடலுக்கான பெரிய ஸ்டெல்லா இன்றைக்கு ஆயிரம் டாலருக்கு மேலே.

இந்த இருவருக்கும் நடப்பது சண்டைதான், ஆனால் நம்ம ஊர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிச் சண்டை இல்லை. மேல்தட்டில் ஒருவரும் விலையைக் குறைப்பதில்லை. ஒருவன் தண்ணீர் புகாத அடைப்பு ஒன்று கண்டுபிடித்தால், அடுத்தவன் பல்சக்கரத்தை இன்னும் நுணுக்கமாக வெட்டுகிறான். இந்த வருடம் ஸ்டெல்லாவில் இருப்பது இரண்டு மூன்று வருடத்தில் பாதி விலை மாடலுக்கு இறங்கிவிடுகிறது; அப்புறம் அதற்கும் கீழே. நடுத்தட்டில் கடை வைத்திருக்கும் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். ஜப்பானிலேயே ரியோபி, ஒலிம்பிக் என்று பெயர் சொல்லும்படி இருந்த ரீல்காரர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொழிலை விட்டே போனார்கள்.

மற்றவர்கள் கதையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபு, மிட்செல், பென், ஹார்டி, ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த நான்கு பேரும் ஒரே அமெரிக்க முதலாளி வீட்டில் குடித்தனம் இருக்கிறார்கள். 'ப்யூர் ஃபிஷிங்' என்று பெயர். பென் 2007ல் அந்தப் பக்கம் போனது, ஹார்டி 2013ல். பென்னின் பெரும்பாலான ரீல்கள் சீனாவில் தயாராகின்றன.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் லால் பகதூர் சாஸ்திரி மார்க்தான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பிரீமியர் பத்மினி கார் செய்த தொழிற்சாலை இங்கே குர்லாவில்தான் இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944ல் ஆரம்பித்த கம்பெனி. குர்லாவில் ஃபியட், கல்கத்தா பக்கம் அம்பாசடர், நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மொத்தம் மூன்றே பேர். 1969ல் அரசாங்கமே இவர்களுக்கு விலை நிர்ணயித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. மூன்று கம்பெனிக்காரர்களும் விலையைப் பற்றி அரசாங்கத்தோடு சண்டை போட்டார்கள். தங்களுக்குள் போட வேண்டிய அவசியமே இல்லை, வருடக்கணக்கில் வாடிக்கையாளர் வரிசையில் நின்றான். 1983 டிசம்பரில் மாருதி வந்தது, ஐம்பதாயிரத்துக்கும் குறைவான விலையில், பின்னால் ஒரு ஜப்பான்காரனோடு. மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு பம்பாய்த் தெருவிலிருந்து போய்விட்டது. தொழிற்சாலை இருந்த நிலத்தில் கோஹினூர் சிட்டி என்று அடுக்குமாடிகள். டாக்சி மீட்டர் செய்தவன் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் ரீல் செய்யப் போனான். இவர்கள் வேறு எதுவும் செய்யத் தெரியாமலே போய்விட்டார்கள். அநியாயமான ஒப்பீடாக இருக்கலாம். ஆனாலும் அந்த வழியாக ஆட்டோவில் போகும்போதெல்லாம் தோன்றும்.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். நான்தான் குறிப்பு எழுதினேன். என் மேலதிகாரி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "விண்ணப்பதாரரின் ஒரே அனுகூலம் குறைந்த விலை. விற்பனை ஏற்பாடு இல்லை. பெயர் இல்லை. பரிந்துரைக்கவில்லை." மூன்று வரி, ஆங்கிலத்தில், அழகாக. அப்போது நான் பாதிதான் படித்திருந்தேன். மீதியைப் படித்த பிறகுதான் உறைத்தது. 1932ல் ஹென்ஸியின் ஒரே அனுகூலம் குறைந்த விலை. டைவா அமெரிக்காவுக்குள் போனபோது அதன் அனுகூலம் குறைந்த விலை. ஷிமானோ ஷோசாபுரோ என்ற அந்த மனுஷன் 1921ல் தொடங்கியபோது அவரிடம் இருந்தது இரவல் வாங்கிய ஒரே ஒரு லேத். நான் நிராகரிப்பதற்கு எழுதிய காரணம் எதுவோ, அதைக் கொண்டுதான் ஒவ்வொருவனும் வாசலைத் தாண்டியிருக்கிறான். உள்ளே போன பிறகு அவர்கள் வேறு ஆளாக மாறினார்கள், அது உண்மை. அதற்கு ஷிமானோவுக்குக் கிடைத்த அவகாசம் சைக்கிளிலிருந்து ரீலுக்கு வரவே ஐம்பது வருடம். என் திட்டத்தில் கடனைத் திருப்பிக் கட்ட அண்ணாச்சிக்கு இருந்தது 60 மாதம்.

அதற்காக நான் கையெழுத்துப் போட்டிருந்தால் குர்லாவில் ஒரு ஷிமானோ முளைத்திருக்கும் என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அதுதான் நிஜமான ரீல். பழைய மெஷின், ஒற்றை ஆள், பேரிங் தைவானிலிருந்து வரவேண்டும், வாங்குகிறவர்கள் பவாயில் சில நூறு பேர். பத்துக்கு ஏழு, கடன் வாராமல்தான் போயிருக்கும். ஆனால் என் குறிப்பில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. விலை குறைவு என்பதையே ஒரு குற்றம் போல எழுதி வைத்திருந்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவர் மனம் கோணவில்லை. சொந்தக் காசில், பழைய லேத்திலேயே மூன்று ரீல் செய்தார். ஒன்று எனக்கு. பித்தளையும் அலுமினியமும், சுற்றினால் 'கர்ர்ர்' என்று மாவு மில் மாதிரி சத்தம். நூல் கொஞ்சம் ஒரு பக்கமாகவே ஏறும். பையன் அதைப் பட்டம் விடுவதற்கு எடுத்துப் போனான்; ஒரு சங்கராந்தி முழுக்க மாடியில் அதுதான் ஹீரோ. இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

போன மாதம் நேரு நகர் மார்க்கெட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறானாம், லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்கு உதிரி பாகம் போகிறதாம். டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க விடவில்லை. பேச்சுவாக்கில் கேட்டார்.

"சார், அந்த ஜப்பான்காரன் ரீலு இப்ப என்ன வெலை?"

"பெரிய சைஸ் லட்சத்தைத் தாண்டும் அண்ணாச்சி."

டம்ளரை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் மனக்கணக்கு போட்டார்.

"மூணுல ஒரு பங்குன்னாலும் முப்பத்தி மூவாயிரமுல்லா வருது" என்றார்.